சுக்கான் இறுகிப்போன வருஷம்

ஏப்ரல் 11, வெள்ளி

மிக்கேலம்மாளாகிய நான் இதை எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுவார்கள். நடந்தது இதுதான்.

சாயங்காலம் எங்கள் படகு 'சூசையப்பர் துணை' துறைமுகத்துக்குள் வந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்தவன் என் மகன் ரெமி. கரையை ஒட்டித் திருப்ப வேண்டிய இடத்தில் சக்கரம் திரும்பவில்லை. முழு உடம்பையும் போட்டு அதில் தொங்கியிருக்கிறான். அப்படியும் படகு நேராக வந்து தளத்தில் மோதியது. அங்கே காலைத் தொங்கப்போட்டு வலை தைத்துக்கொண்டிருந்தவர் காலை இழுத்துக்கொண்டதால் கால் மிஞ்சியது. ரெமிக்கு இடது தோள் நழுவிவிட்டது.

அடிபட்டவனைத் தூக்குவதை விட்டுவிட்டு, தளத்தில் நின்ற தஸ்நேவிஸ் ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அன்னைக்கே சொல்ல வந்தேன். கேட்டாத்தான."

ஐஸ் வண்டிக்கா சொன்னான்? எனக்குத்தான் சொன்னான்.

தஸ்நேவிஸ் என் வீட்டுக்காரரின் தம்பி. என் வீட்டுக்காரர் இஞ்ஞாசி படகின் பின்தட்டிலிருந்து கடலில் விழுந்த அன்றைக்குச் சக்கரத்தைப் பிடித்திருந்தவன். ஒன்பது வருஷமாக அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. அவன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவன் பெண்டாட்டி கொடுத்தனுப்பிய முறுக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். பச்சைத் தூக்குவாளி, மூடியில் ஒரு நசுங்கல். எனக்கு எதுவும் மறக்காது.

ஏப்ரல் 14, திங்கள்

நாளையிலிருந்து தடைக்காலம். ஜூன் பாதி வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது. எல்லாரும் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற நேரம்.

ரெமி கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். மருமகள் ஜெனோவா மீன் முள்ளை எடுத்து எடுத்து அவன் தட்டில் வைத்தாள். பேத்தி அதைப் பார்த்துத் தனக்கும் முள் எடுத்துத் தரச் சொல்லி அழுதது.

"ஸ்டேரிங் சரியாகலேன்னா இந்தத் தடவ படகக் குடுத்துருவேம்மா," என்றான். "ஓமானுக்குப் போயிருதேன். அங்க சம்பளத்துக்குப் படகு ஓட்டுதேன்."

"படகக் குடுத்தா கூட்டோட குடுப்பியால?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

கூடு என்றால் சூசையப்பர் சுரூபம் வைத்த கண்ணாடிக் கூடு. பின்தட்டில், படகைத் திருப்புகிற சுக்கானுக்கு நேர் மேலே, தேக்குப் பலகைப் பீடம் போட்டு நாலு போல்ட்டால் முடுக்கச் சொல்லி நான் வைத்தது. உள்ளே என் வீட்டுக்காரர் படமும் இருக்கிறது. அவர் உடம்பு கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவருக்குக் குழி கிடையாது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே தோட்டத்துக்குப் போகும்போது நான் படகுக்குப் போவேன். புதன்கிழமை சூசையப்பருக்கு உரிய நாள் என்பதால் வாரா வாரமும் போவேன். அங்கேதான் மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

கூடு வைத்த அன்றைக்குத் தஸ்நேவிஸ் ஏதோ சொல்ல வந்தான். அவனை வாயைத் திறக்கவிடவில்லை. நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தான்.

ஏப்ரல் 23, புதன்

படகு கரையேறிவிட்டது. ரெமி ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். பழனிக்குமார் என்று பெயர். ஜேசிபி வண்டிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிறவன், படகும் பார்ப்பானாம். ஏணியில் ஏறுவதற்குள் மூன்று தடவை செருப்பைத் தவறவிட்டான்.

எங்கள் படகு பழையது. முன்பு சங்கிலி ஸ்டேரிங் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் போட்டவர் என் வீட்டுக்காரர்தான். சக்கரத்தைச் சுற்றினால் எண்ணெய் குழாய் வழியாகப் பின்னால் போய் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் சுக்கானைத் திருப்பும். போட்ட அன்றைக்கு என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டு ஒரு விரலால் சுற்றச் சொன்னார். சுற்றினேன். படகு அசைந்து கொடுத்தது.

பழனிக்குமார் எண்ணெய் மூடியைத் திறந்து விரலை விட்டு முகர்ந்தான். "கறுத்துப் போச்சு. ரெண்டு வித ஆயில் கலந்திருக்கு."

நான் ரெமியைப் பார்த்தேன். முந்தின வருஷம் சக்கரம் கனக்கிறது என்று பக்கத்துப் படகுக்காரன் கேனிலிருந்து வாங்கி ஊற்றினான். அப்போதே கேட்டேன், அது என்ன எண்ணெய் என்று.

"சொன்னேம்லால?"

"சொன்னீங்கம்மா."

பழைய எண்ணெயை வடித்துப் புதுசு ஊற்றினார்கள். பிறகு காற்று எடுத்தார்கள். ஒருவர் சக்கரத்தைக் கடைசி வரை சுற்ற, இன்னொருவர் பின்னால் சிலிண்டரில் ஒரு திருகைத் தளர்த்திவிட, எண்ணெயோடு நுரை வரும். நுரை நிற்கிற வரைக்கும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். முட்டி விட்டுப்போய்விட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

எண்ணெய் புதுசு. சக்கரம் பழைய மாதிரியே.

மே 3, சனி

சிலிண்டரைக் கழற்றிக் கொண்டுபோய் சீல் மாற்றிக் கொண்டுவந்தான். குழாய் ஒன்று இன்ஜின் பக்கத்தில் மடங்கியிருந்தது, அதையும் மாற்றினான். மறுபடி நுரை, மறுபடி பாட்டில். ரெமி வலது கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

"லேசா வித்தியாசம் தெரியுதுல்லா?" என்றான் பழனிக்குமார்.

"தெரியுது. ஒன் மூஞ்சியிலதான் தெரியுது," என்றேன். காய்ச்சல் என்று வந்தவனுக்கு முடி வெட்டி அனுப்புகிற ஆள் இவன்.

மே 9, வெள்ளி

இன்றைக்குச் சிலிண்டரையும் சுக்கானையும் சேர்க்கிற ஊசியைக் கழற்றினான். ஒரே ஒரு ஊசி, கட்டை விரல் தடிமன். கழற்றிவிட்டு, "இப்போ நீங்க சுத்துங்கம்மா" என்றான்.

ஒரு விரலால் சுற்றினேன். அன்றைக்குச் சுற்றின மாதிரியே சுற்றியது.

பிறகு சுக்கான் தண்டின் கையில் இரும்புக் குழாயை மாட்டி அவனும் இன்னொருவனுமாகத் தள்ளினார்கள். அசையவில்லை.

"எண்ணெய்ப் பக்கம் ஒண்ணும் கோளாறு இல்லம்மா. தண்டுதான் இறுகிக் கெடக்கு. மேல அதத் தாங்குற புஷ்ல கிரீஸே இல்ல."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சம் இல்லை. "இந்த ஒத்த ஊசிய மொத நாளே கழட்டிப் பாத்தா என்ன? எண்ணெய மாத்தி, சீல மாத்தி, குழாய மாத்தி?"

அவன் ரெமியைப் பார்த்தான். ரெமி பக்கத்துப் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தான்.

"ஜேசிபிக்குச் சுக்கான் கெடையாதும்மா," என்று பழனிக்குமார் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவன் கூட்டின் பீடத்தில் கையை வைத்து, "இதுக்கு அடியில..." என்று ஆரம்பித்தான்.

"கீழ இருந்து பாருங்கண்ணே," என்றான் ரெமி. வெடுக்கென்று சொன்னான்.

பீடத்துக்குப் பக்கத்து மூடியைத் திறந்து, கீழேயிருந்து கையை விட்டு மண்ணெண்ணெய் பீய்ச்சினார்கள். மேலே ஏறாமல் பழனிக்குமாரின் முழங்கை வழியாக வழிந்தது. சம்மட்டியால் தட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் என் மகன் கூட்டைத் தொடவிடவில்லை. வளர்த்தது வீண்போகவில்லை.

மே 10, சனி

ஜெனோவா காலையில் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமி, கூட்ட எடுத்துக் கேபினுக்குள்ள வப்போமா. மழ வெயில் படாம இருக்கும்."

"எடுத்து எடுத்து வைக்க அது என்ன, ஒங்கப்பா வீட்டு டிவியா?"

"எனக்கு இவரு வேணும் மாமி. உள்ளதச் சொல்லுதேன். இப்ப தோளோட போச்சு. நடுக்கடல்ல கப்பலுக்குக் குறுக்க நிக்கும்போது சக்கரம் திரும்பலேன்னா?"

"நான் மட்டும் வேண்டாம்னா சொல்லுதேன்?"

"நீங்க மாமாவுக்குக் காவல் இருக்கீங்க. இவருக்கு யாரு இருக்கா?"

டீயை அப்படியே முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். இவள் கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மாவான எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டார்கள். பாயசம் தீர்ந்துவிட்டது என்று இவள் அம்மா சொன்னாள். உள்ளே அண்டாவில் பாயசம் இருந்ததை நான் பார்த்தேன். அந்தக் குடும்பத்துப் பெண் வேறு எப்படிப் பேசும்.

மே 14, புதன்

ஜெனோவாவோடு பேச்சு இல்லை. சோறு நானே வடித்துக்கொள்கிறேன். படகுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி வந்தேன்.

மே 17, சனி

படகு பார்க்க ஆள் வந்திருந்தார்கள், வேம்பாறுக்காரர்கள். சட்டைப் பையில் பேனா வைத்திருந்தவன் கூட்டைச் சுட்டிக்காட்டி, "இத எடுத்துருவோம், பின்தட்டுல எடம் வேணும்" என்று கூட வந்தவனிடம் சொன்னான். நான் பக்கத்தில் நிற்பது அவனுக்குத் தெரியாது. வடைச் சட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான் சூசையப்பரை.

மே 21, புதன்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன். ஏணியில் பாதி ஏறும்போது மேலே பேச்சுச் சத்தம். ஒன்று ரெமி. இன்னொன்று தஸ்நேவிஸ். என் படகில், என் கூட்டுக்குப் பக்கத்தில்.

"ஒனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டான் தஸ்நேவிஸ்.

"ரெண்டு வருஷமாத் தெரியும் சித்தப்பா. கனக்க ஆரம்பிச்சப்பவே தெரியும். மேல கிரீஸ் போகலேன்னா வேற என்ன ஆகும்? அந்த மெக்கானிக் மொத நாளே ஊசியக் கழட்டுதேன்னான். நான்தான், மத்ததெல்லாம் பாருங்க, ஏதாவது ஒண்ணுல சரியாகுதான்னு பாப்போம்னேன்."

"அம்மாகிட்டச் சொன்னா என்ன? கடிச்சாத் திங்கும்?"

"எப்படிச் சொல்ல? அப்பாவுக்குக் குழி இல்ல. அவளுக்கு அதான் குழி. போய்த் தோண்டுதேன்னு சொல்லவா?"

"அதுக்குப் படக விப்பியா?"

"வித்தா வாங்குறவன் கழட்டுவான். நான் கழட்டுனதா இருக்காதுல்லா."

நான் எப்படி மேலே ஏறினேன் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் ரெமி எழுந்து நின்றான், பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி.

"எறங்குல என் படக விட்டு," என்றேன் தஸ்நேவிஸிடம். ஒன்பது வருஷத்தில் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு.

"எறங்குதேன் மைனி. சொல்லிட்டு எறங்குதேன். கூடு வச்ச அன்னைக்கும் இதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க அடச்சு வச்சிருக்கது அண்ணன் கிரீஸ் அடிக்கிற மூடி. அதுக்கு வேற வழி கெடையாது."

"தெரியும்ல எனக்கு. ஓடுற படகுல குனிஞ்சு அந்த மூடியத் தொறக்கப் போய்த்தான அவரு விழுந்தாரு. அதுக்குத்தான அடச்சேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. ரெமி என்னைப் பார்த்தான். இத்தனை நாளும் அவனிடம், அவர் கடைசியாக நின்ற இடம், அதனால் கூடு, என்றுதான் சொல்லியிருந்தேன். அதுவும் பொய் இல்லை.

தஸ்நேவிஸ் மெதுவாகச் சொன்னான். "இனிமே ஒருத்தனும் அங்க குனியக் கூடாதுன்னு அடச்சீங்க. சரி. இவன் தெனமும் சக்கரத்துல தொங்குதான மைனி."

"நீ படகத் திருப்பியிருந்தா அவரு கெடச்சிருப்பாரு."

"திருப்புனேன். அவரு சத்தம் கேட்டதும் திருப்புனேன். நான் திருப்புனது ஒங்களுக்குத் தெரியும். கூட இருந்த அத்தன பேரும் சொன்னாங்க."

தெரியும். நாலு பேரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள். யார் எங்கே நின்று சொன்னார்கள் என்பது வரைக்கும் தெரியும்.

மெழுகுவர்த்தி ஏற்றாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மே 22, வியாழன்

இரண்டு வருஷம். பெற்ற பிள்ளை. தோள் நழுவுகிற வரைக்கும் என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறான். நான் என்ன பேயா?

ரெமியிடம் கேட்டேன். "ஆமா"வும் சொல்லவில்லை, "இல்ல"யும் சொல்லவில்லை. ஜெனோவா அடுப்படியில் எதையோ கீழே போட்டாள்.

மே 24, சனி

தஸ்நேவிஸ் வீட்டு வாசலுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி லூர்து என்னைப் பார்த்து முந்தானையைச் சரி பண்ணினாள். "உள்ள வாங்கக்கா."

"வரல. அவன ஸ்பானர எடுத்துக்கிட்டு வரச்சொல்லு."

ரெமி கழற்றக் கூடாது. பிள்ளை கையால் அது நடக்கக் கூடாது. கூலிக்கு வந்தவனும் கழற்றக் கூடாது. மிச்சம் இருப்பது இவன் ஒருவன்தான். அதனால் கூப்பிட்டேன், வேறு ஒன்றும் இல்லை.

சூசையப்பரையும் படத்தையும் நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று போல்ட் வந்தது. நாலாவது துருப்பிடித்து வராமல் ரம்பம் போட்டு அறுத்தான். பீடத்தைப் பெயர்த்து ஓரமாக வைத்தான்.

கீழே மூடி தெரியவில்லை. வெள்ளையாக ஒரு பாறை மாதிரி இருந்தது. முதலில் உப்பு என்று நினைத்தேன். மெழுகு. நான் ஏற்றியதெல்லாம் உருகிப் பீடத்தின் இடுக்கு வழியாக இறங்கி, மூடியைச் சுற்றி, கிரீஸ் அடிக்கிற நிப்பிளுக்குள்ளே வரைக்கும் போய் உறைந்திருந்தது. ஒன்பது வருஷத்துப் புதன்கிழமையெல்லாம் அங்கே இருந்தது.

தஸ்நேவிஸ் உளியால் சுரண்டினான். சுரண்டியதைக் கீழே தள்ளிவிடாமல் ஒரு பேப்பரில் சேர்த்தான். ஏதாவது சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவன் பேப்பரை மடித்து என் பக்கத்தில் வைத்தான்.

மே 27, செவ்வாய்

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, இன்றைக்கு நெருப்புக் காட்டிச் சூடேற்றினார்கள். குழாயை மாட்டித் தள்ளினார்கள். முதலில் முனகியது. பிறகு ஒரு விரற்கடை நகர்ந்தது. தள்ளவும் இழுக்கவுமாக மத்தியானம் வரைக்கும் போனது. பழைய கிரீஸ் கறுப்பாக வந்தது, பிறகு செங்கல்பொடி மாதிரி துரு வந்தது, அதற்கப்புறம்தான் புதுக் கிரீஸ் மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

பழனிக்குமார் ஊசியைத் திரும்ப மாட்டினான். ரெமி கேபினுக்குள் போய்ச் சக்கரத்தில் இடது கையை வைத்தான். தோள் நழுவின கை. ஜெனோவா கீழே நின்று சுக்கானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்புது," என்றாள். "மாமி, திரும்புது."

பதினேழு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "எனக்கும் கண்ணு இருக்கு," என்றேன். சாயங்காலம் அவள் போட்ட டீயைக் குடித்தேன். சர்க்கரை கம்மி.

"அம்மா, கோவமா?" என்று ரெமி கேட்டான்.

"ஆமால. நீ சொல்லாம இருந்ததுக்கு. சாகுற வரைக்கும் இருக்கும்."

"சரிம்மா," என்று சிரித்தான். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது.

வேம்பாறுக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பின்தட்டைச் சுற்றி இடுப்புயரக் கம்பி வேலி அடிக்கச் சொன்னேன். கடலில் போகும்போது ஒருவரும் அந்த மூடியைத் தொடக் கூடாது, கட்டிக் கிடக்கும்போதுதான் கிரீஸ் என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இஞ்ஞாசியிடமும் இதையேதான் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

ஜூன் 14, சனி

படகு தண்ணீரில் இறங்கிவிட்டது. பங்குச் சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். கூடு கேபினுக்குள், சக்கரத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. மெழுகுவர்த்திக்கு அடியில் ஜெனோவா ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளாக வைத்தாள்.

எல்லாரும் இறங்கிய பிறகு கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு பின்தட்டுக்குப் போனேன். தஸ்நேவிஸ் பின்னாலேயே வந்தான். போகச் சொன்னேன். போகவில்லை. வேலியை ஒட்டி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

மண்டி போட்டு மூடியைத் திறந்து குனிந்தேன். முகம் வேலிக் கம்பியின் இடுக்கு வழியாகப் படகு ஓரத்துக்கு வெளியே வந்துவிடுகிறது. தண்ணீர் பச்சையாக, பக்கத்தில் தெரிகிறது. கடைசியாக அவர் பார்த்தது இதைத்தான். கன்னை அமுக்கினேன். முதல் தடவை கிரீஸ் வெளியே வழிந்தது. இரண்டாவது தடவை நிப்பிளுக்குள் இறங்கியது.

எழுந்திருக்கும்போது முட்டி நிமிரவில்லை. தஸ்நேவிஸ் கையை நீட்டினான். வேலிக் கம்பியைப் பிடித்து எழுந்தேன்.

"வீட்டுக்கு வாங்க மைனி. லூர்து முறுக்குச் சுத்துதா."

"தூக்குவாளியில போட்டுக் குடுத்தனுப்பு. திருப்பி அனுப்புதேனா இல்லையான்னு அப்ப பாத்துக்கிடுவோம்."

"பச்சத் தூக்குவாளி ஓட்டயாப் போச்சு மைனி."

"ஒரு தூக்குவாளியக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல," என்றேன்.

ஜூன் 16, திங்கள்

விடியக்காலம் எல்லாப் படகும் ஒன்றாகப் புறப்பட்டன. வாய்க்கால் மாதிரி குறுகலான இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். நம் படகு இரண்டு படகுக்கு நடுவில் ஒடித்துத் திரும்பிப் போனதைக் கரையிலிருந்து பார்த்தேன்.

முறுக்கு வந்தது. புதுத் தூக்குவாளி, சிவப்பு. உப்பு அதிகம். வாளியைக் கழுவி வைத்திருக்கிறேன், வெறும் வாளியாகக் கொடுத்தனுப்ப முடியாது.

ஒன்று சொல்லிவைக்கிறேன். சனிக்கிழமைதோறும் கிரீஸ் அடிக்கிறது நான்தான். ரெமி இல்லை, தஸ்நேவிஸ் இல்லை, கூலிக்கு யாரும் இல்லை. எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் அந்த இடத்தில் வேறு ஒருத்தரும் குனியக் கூடாது. பிறகு யாரும் பேச்சு மாற்றக் கூடாது என்றுதான் இதை எழுதி வைத்திருக்கிறேன்.